மிளகாயில் வாடல் நோய் எதிர்ப்புள்ள இனங்களைத் தெரிவு செய்தல்: யாழ்ப்பாணத்துக் கமக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வலிகாமத்துச் செம்மண் தறைகளில் மிளகாய் செய்பவர்கள், பூக்கும் பருவத்திலோ காய் பிடிக்கும் பருவத்திலோ கன்றுகள் இடையிடையே வாடிச் சாவதைக் கண்டதும் முதலில் கேட்பது, "சாகாத இனம் எது?" என்பதைத்தான். ஓர் இனத்தின் பெயரைச் சொல்லிவிடுவது எளிது. அந்தப் பெயர் எந்தச் சோதனையின் பின் சொல்லப்படுகிறது என்பது தெரியாவிட்டால் அதனை நம்பி ஒரு பரப்பு நிலத்தில்கூடக் கன்று நட முடியாது. கமக்காரரும் விவசாய மாணவரும் போதனாசிரியர்களும் இது பற்றி வழக்கமாக எழுப்பும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்படுகின்றன.

வாடல் என்பது ஒரே நோயா?

இல்லை. குறைந்தது நான்கு நோய்க்காரணிகள் மிளகாயை வாட வைக்கின்றன. முதலாவது, பியூசேரியம் ஒக்சிஸ்போரம் என்னும் மண் பங்கசு. சில இடங்களில் அதே பேரினத்தைச் சேர்ந்த பியூசேரியம் சொலானியும் காணப்படும். இது வேர் வழியாகப் புகுந்து, நீரைக் கடத்தும் காழ்க் கலன்களை அடைத்துவிடுவதால், அடியிலைகள் முதலில் மஞ்சளாகி, சில வேளைகளில் ஒரு பக்கத்துக் கிளை மட்டும் தொங்கி, பின்னர் கன்று முழுவதும் மெதுவாகக் காய்ந்துபோகும். இரண்டாவது, ரால்ஸ்டோனியா என்னும் பற்றீரியா. அமெரிக்கத் தாவர நோயியலாளர் எர்வின் ஸ்மித் 1896 ஆம் ஆண்டில் விவரித்த இந்த நோய்க்காரணி தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியவற்றையும் தாக்கும். இதில் இலை மஞ்சளாவதற்கு நேரமே இருப்பதில்லை; பச்சை இலையோடு கன்று தொங்கிவிடும். மூன்றாவது, ஸ்கிளரோட்டியம் ரோல்ஃப்சி என்னும் பங்கசு. நிலமட்டத்தில் தண்டை அழுகச் செய்து, அந்த இடத்தில் வெண்ணிற நூற்படலத்தையும் கடுகளவு கபில நிற மணிகளையும் உண்டாக்கும். நான்காவது, பைட்டோப்தோரா கப்சிசி. இது உண்மையான பங்கசு அன்று, நீரில் நீந்தும் வித்திகளை உடைய வேறொரு கூட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே மழைநீர் தேங்கும் பள்ளத் தறைகளிலேயே இது பெரிதும் அழிவு செய்யும்.

இந்தப் பிரிப்பில் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம், ஒன்றுக்கு எதிர்ப்புக் காட்டும் மிளகாய் இன்னொன்றுக்கு முழுமையாக ஆளாகக்கூடும் என்பதே. "வாடலுக்கு எதிர்ப்புள்ள இனம்" என்று மட்டும் எழுதப்பட்ட வித்துப் பொதியைக் கண்டால், எந்த வாடலுக்கு என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பெரும்பாலும் விடை கிடைக்காது.

எனது தோட்டத்தில் இருப்பது எது என்று நானே அறிந்துகொள்ள முடியுமா?

ஓரளவுக்கு முடியும். வாடத் தொடங்கி இன்னும் காயாத கன்று ஒன்றை வேரோடு கிளப்பி, வேரைக் கழுவிப் பார்த்த பின் நிலமட்டத்துத் தண்டைப் பாருங்கள். வெண்ணூலும் கடுகுமணிகளும் இருந்தால் அது ஸ்கிளரோட்டியம். மேலே செல்ல வேண்டியதில்லை. தண்டின் அடி கறுத்து நீர் ஊறியதுபோல் இருந்தால், அதுவும் மழைக்குப் பின் என்றால், பைட்டோப்தோராவைச் சந்தேகிக்கலாம். இவை இரண்டும் இல்லையெனில், ஒரு கூரிய கத்தியால் தண்டின் அடியில் பட்டையை நீளவாக்கில் சீவிப் பாருங்கள். உள்ளே வெண்மையாக இருக்க வேண்டிய காழ் கபிலக் கோடுகளாக மாறியிருந்தால், பங்கசு அல்லது பற்றீரியா கலன்களுக்குள் புகுந்துவிட்டது என்று பொருள்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு கண்ணாடிக் குவளை போதும். தண்டின் அடிப்பகுதியிலிருந்து விரல் நீளத் துண்டொன்றை வெட்டி, வெட்டுமுகம் தெளிந்த நீருக்குள் அமிழும்படி குவளையின் விளிம்பில் ஒரு நூலால் கட்டித் தொங்கவிட்டு, அசைக்காமல் வையுங்கள். ரால்ஸ்டோனியா என்றால், சில நிமிடங்களில் வெட்டுமுகத்திலிருந்து மெல்லிய வெண்ணிழை ஒன்று நேர்கீழாக இறங்கி, குவளையின் அடியில் புகைபோலப் பரவும். பியூசேரியத்தில் அப்படி எதுவும் இறங்காது. கன்று காய்ந்து சருகான பின் இந்தச் சோதனையைச் செய்வதில் பயனில்லை. அப்போது பற்றீரியா இருந்தாலும் இழை தெரியாமற் போகலாம். உறுதியான முடிவுக்கு ஆய்வுகூடத்தில் நோய்க்காரணியைப் பிரித்தெடுக்கத்தான் வேண்டும். கறையானும் வெண்புழுவும் வேரைக் கடித்ததால் சாகும் கன்றுகளையும் வாடல் என்று கொண்டுவருவோர் உண்டு என்பதால், வேரைக் கழுவிப் பார்ப்பது எப்போதும் முதல் வேலை.

மதியத்தில் தொங்கி மாலையில் நிமிரும் கன்றும் நோயுற்றதா?

கட்டாயமில்லை. சோளகக் காற்று வீசும் நாட்களில் நலமான கன்றுகூட நண்பகலில் தலை சாய்க்கும். கிணற்று நீர் உவர்ப்பாகிவிட்ட கரையோரத் தோட்டங்களிலும் இது சாதாரணம். உவர்ப்பு, வேர் நீரை உறிஞ்சுவதைத் தடுப்பதோடு பைட்டோப்தோரா வேரழுகலையும் கூட்டுகிறது. ஆகவே இனச் சோதனையில் கன்றுகளைப் பார்வையிடுவது வெயில் ஏறும் முன், விடியற்காலையில்தான்.

பக்கத்துத் தோட்டத்தில் ஓர் இனம் சாகாமல் நின்றது. அது எதிர்ப்புள்ள இனம்தானே?

அப்படிச் சொல்ல இயலாது. கன்று சாகாமல் நிற்பதற்கு எதிர்ப்புத்தன்மையைத் தவிர வேறு காரணங்கள் பல உள்ளன. நோய்க்காரணி மண்ணில் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. ஒரு பாத்தியில் நிறைந்தும் அடுத்த பாத்தியில் அருகியும் இருக்கும். நட்ட காலம் குளிர்ந்திருந்தால் வெப்பத்தை விரும்பும் பற்றீரியா வேலை செய்திருக்காது. முந்திய போகத்தில் அங்கே வெங்காயம் நின்றதா, புகையிலை நின்றதா என்பதும் விளைவை மாற்றும். இப்படி நோயைச் சந்திக்காமலே பிழைத்த கன்றை, தப்பியது என்று சொல்லலாம். எதிர்த்தது என்று சொல்லக்கூடாது.

இரண்டையும் பிரிப்பதற்கு நம்பத்தக்க வழி ஒன்றுதான்: சோதிக்கும் இனத்தின் பக்கத்திலேயே, நோய்க்கு எளிதில் ஆளாகும் என்று நன்கு தெரிந்த ஓர் இனத்தையும் நட வேண்டும். அந்த ஒப்பீட்டு இனம் பெரும்பாலும் செத்து, சோதனை இனம் நின்றால் மட்டுமே அந்த நிற்றலுக்குப் பொருள் உண்டு. ஒப்பீட்டு இனமும் நன்றாகக் காய்த்து நின்றால் அந்தச் சோதனையை முழுவதுமாக ஒதுக்கிவிட வேண்டும். எவ்வளவு செலவழித்திருந்தாலும் சரி. ஒப்பீட்டு இனம் என்ன ஆனது என்பதைச் சொல்லாத எந்தச் சோதனை முடிவையும் நான் இன்னொருவருக்குப் பரிந்துரைப்பதில்லை.

எதிர்ப்பும் தாங்குதிறனும் ஒன்றா?

ஒன்றல்ல. எதிர்ப்புள்ள கன்று, நோய்க்காரணி உள்ளே புகுவதை அல்லது பெருகுவதைத் தடுக்கிறது. தாங்குதிறன் உள்ள கன்று நோயை உள்ளே வைத்துக்கொண்டே காய்க்கிறது. விளைச்சலை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் சமம். ஆனால் தாங்குதிறன் உள்ள கன்று நோய்க்காரணியை மண்ணில் பெருக்கிவிட்டுப் போவதால், அடுத்த போகத்தில் அதே தறையில் தக்காளியோ கத்தரியோ வைப்பவர் அதற்கு விலை கொடுப்பார்.

சோதனையில் எந்த இனங்களைச் சேர்ப்பது நல்லது?

இலங்கையின் விவசாயத் திணைக்களம் வெளியிட்ட எம்.ஐ. 2, கே.ஏ. 2, எம்.ஐ. ஹொட், அருணலு போன்றவை தொடக்கத்துக்கு ஏற்றவை, எம்.ஐ. என்னும் எழுத்துகள் அவை உருவான மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கின்றன. இவற்றோடு, எங்கள் ஊர்களில் வீட்டு வித்தாகவே கைமாறி வரும் உள்ளூர் மிளகாய்களையும், கொச்சி மிளகாயையும் தவறாமற் சேர்க்க வேண்டும். மிளகாயைப் பொறுத்தவரை நோய் எதிர்ப்பு, பெரும்பாலும் விற்பனைக்குரிய பெரிய காய் இனங்களில் இல்லாமல், சிறு காயுள்ள பழைய வகைகளிலேயே கண்டெடுக்கப்பட்டுள்ளது. பைட்டோப்தோராவுக்கு உலகெங்கும் பயன்படும் எதிர்ப்பு மூலமான கிரியோல்லோ டி மொரேலோஸ் 334 என்பது மெக்சிக்கோவின் உள்ளூர் மிளகாய்தான். கன்னொறுவையில் உள்ள தாவரப் பிறப்புரிமை வளங்கள் நிலையத்தில் உள்நாட்டு வகைகளின் வித்துகள் பாதுகாக்கப்படுகின்றன. பல்கலைக்கழக மாணவர்கள் ஆய்வுக்காக அங்கே விண்ணப்பிக்கலாம்.

சோதனைக்குரிய நோய்க்காரணி எங்கிருந்து பெறப்பட வேண்டும்?

இங்குள்ள தோட்டங்களிலிருந்தே. வேறு நாட்டிலோ மலைநாட்டிலோ எடுத்த கூட்டத்தைக் கொண்டு சோதித்தால் கிடைக்கும் விடை அந்த ஊருக்குரியது. கோண்டாவில், உரும்பிராய், புத்தூர், அச்சுவேலி என்று வெவ்வேறு இடங்களிலிருந்து நோயுற்ற தண்டுகளைச் சேகரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் தூய வளர்ப்பைத் தனித்தனியாகப் பெற்று, அவற்றுள் வீரியம் மிக்கதைத் தெரிவு செய்வது முறை. பியூசேரியத்துக்கு உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் ஏகார் ஊடகமும், ரால்ஸ்டோனியாவுக்கு டெட்ரசோலியம் சேர்த்த ஊடகமும் பயன்படும். பின்னதில் வீரியமுள்ள பற்றீரியாக் குடியேற்றங்கள் வழுவழுப்பாக, வெண்மையாக, நடுவில் இளஞ்சிவப்பாகத் தோன்றும். இப்படிப் பெற்றதை நலமான மிளகாய்க் கன்றில் செலுத்தி, அது வாடி, அதிலிருந்து அதே நோய்க்காரணியை மீளப் பெற்ற பின்னரே சோதனை தொடங்க வேண்டும். பியூசேரியத்தில் இந்தப் படியை விட்டுவிடுவது மிகப் பெரிய ஆபத்து. மண்ணில் நோய் செய்யாத பியூசேரியங்கள் ஏராளம், ஊடகத்தில் அவையும் ஒரே மாதிரித் தெரியும்.

பியூசேரியம் வாடலுக்கான சோதனை எவ்வாறு செய்யப்படுகிறது?

வழக்கத்தில் உள்ளது வேர் அமிழ்த்தும் முறை. கொதிநீராவியால் கிருமி நீக்கிய மண்ணும் மணலும் கலந்த தட்டுகளில் கன்றுகளை வளர்த்து, நான்கு முதல் ஆறு இலைகள் வந்ததும் வேர் அறாமல் எடுத்துக் கழுவ வேண்டும். வேர் நுனியை ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் கத்தரித்து, ஒரு மில்லிலீற்றரில் சுமார் 10 இலட்சம் வித்திகள் உள்ள கரைசலில் சில நிமிடங்கள் முதல் அரை மணித்தியாலம் வரை அமிழ்த்தி, பின் சாடிகளில் நட வேண்டும். எவ்வளவு நேரம் அமிழ்த்துவது என்பதைத் தீர்மானித்த பின், எல்லா இனங்களுக்கும் அதே நேரம்தான். சில கன்றுகளை வேர் கத்தரித்து வெறும் நீரில் அமிழ்த்தி நடுவதும் கட்டாயம்; அவை வாடினால் சாவு நோயால் அன்று, கத்தரிப்பால்.

வேரைக் கத்தரிப்பது இயற்கையில் நடக்காத ஒன்றாயிற்றே என்று கமக்காரர் கேட்பது நியாயமே. நாற்றுமேடையிலிருந்து கன்றைப் பிடுங்கி நடும்போது வேர் அறுவது இயற்கையாகவே நிகழ்கிறது என்றாலும், இந்த முறை சற்றுக் கொடுமையானதுதான். வேர்த்தோலே தடையாக நின்று காக்கும் இனம் ஒன்று இருந்தால், கத்தரித்தவுடன் அதன் எதிர்ப்பு மறைந்துவிடும். ஆகவே இதனை முதற் சல்லடையாக மட்டும் கொண்டு, இதில் நின்றவற்றையும் ஓரளவு தாக்குப்பிடித்தவற்றையும் நோய் கலந்த மண் நிரப்பிய சாடிகளில் இரண்டாம் முறை சோதிக்க வேண்டும். சோளத் தானியத்தில் பங்கசை வளர்த்து மண்ணில் கலந்தால் அத்தகைய மண் தயாராகும்.

பற்றீரியா வாடலுக்கும் அதே முறையா?

அடிப்படை அதுவே. ஒரு மில்லிலீற்றரில் சுமார் 10 கோடி பற்றீரியாக்கள் உள்ள கரைசலைக் கன்றின் அடியில் ஊற்றி, வேரோரத்தில் கத்தியை ஒருமுறை இறக்கினால் போதும். இங்கே வெப்பநிலையே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 28 முதல் 32 பாகை செல்சியஸ் வரையில் நோய் விரைவாக வெளிப்படும். மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த இரவுகளில் செய்த சோதனை பல இனங்களை எதிர்ப்புள்ளவையாகப் பொய்யாகக் காட்டிவிடும்.

ஓர் இனத்துக்கு எத்தனை கன்றுகள் தேவை?

கணக்கே விடை சொல்லும். உண்மையில் ஐந்தில் ஒரு கன்று சாகும் இனம் ஒன்றை எடுத்து, பத்துக் கன்றுகளை மட்டும் சோதித்தால், அவற்றுள் ஒன்றுகூடச் சாகாமல் நிற்பதற்கான வாய்ப்புச் சுமார் 11 சதவீதம். அதாவது அத்தகைய ஒன்பது இனங்களில் ஒன்று முழு எதிர்ப்புள்ளது என்று தவறாக முடிசூட்டப்படும். இருபது கன்றுகளாக்கினால் அந்த வாய்ப்பு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் மட்டுமே. ஆகவே இருபதுக்குக் குறையாமல், அவற்றை மூன்று நான்கு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் இனங்களை எழுமாறாக வைத்து, முழுச் சோதனையையும் இன்னொரு முறை திருப்பிச் செய்ய வேண்டும்.

புள்ளியிடுவது எப்படி?

பூச்சியம் முதல் நான்கு வரையான அளவு வசதியானது: அறிகுறி இல்லாவிடின் 0, இலைகளில் கால் பங்கு வரை வாடினால் 1, அரைப்பங்கு வரை 2, அதற்கு மேல் 3, கன்று இறந்தால் 4. செத்த கன்றுகளை எண்ணுவதோடு நிறுத்தினால் பாதி உண்மை நழுவிவிடும். இருபது கன்றுகளில் எட்டு நோயுற்ற இரு இனங்களைக் கற்பனை செய்வோம். முதலாவதில் மூன்று கன்றுகள் 1, இரண்டு 2, ஒன்று 3, இரண்டு 4 என்று புள்ளி பெற்றால் மொத்தம் 18; உயர்ந்தபட்சமாக வரக்கூடிய 80 ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் நோய்ச்சுட்டி 22.5 சதவீதம். இரண்டாவதில் எட்டும் இறந்திருந்தால் மொத்தம் 32, சுட்டி 40 சதவீதம். இரண்டிலும் நோயுற்றவை 40 சதவீதம்தான். ஆனால் முதலாவதைத் தூக்கி எறிவது அவசரமாகும்.

கிழமைக்கு ஒருமுறை புள்ளியிட்டு, எந்தக் கிழமையில் வாடல் தொடங்கியது என்பதையும் குறிக்க வேண்டும். எந்தச் சுட்டி வரை எதிர்ப்பு என்று அழைப்பது என்பதற்கு ஆய்வாளரிடையே ஒரே எல்லை இல்லை. எல்லையைச் சோதனை தொடங்குமுன் எழுதி வைத்துவிடுங்கள். முடிவைப் பார்த்த பின் எல்லையை நகர்த்தும் ஆசை எவருக்கும் வரும். முடிவில், அறிகுறி இல்லாத கன்றுகளின் தண்டையும் கீறிப் பார்த்தால், உள்ளே கபிலக் கோட்டோடு வெளியே பச்சையாக நிற்கும் தாங்குதிறன் கன்றுகள் அகப்படும்.

வேர்முடிச்சு வட்டப்புழு இருந்தால் எதிர்ப்பு உடைந்துவிடுமா?

உடையலாம். வட்டப்புழு குத்திய வேர், பங்கசுக்கும் பற்றீரியாவுக்கும் திறந்த வாசல். சுத்தமான மண்ணில் நன்றாக நின்ற இனம் தோட்டத்தில் சாவதற்கு இது ஒரு பெரிய காரணம். கடைசிச் சுற்றுக்கு வந்த சில இனங்களையாவது வட்டப்புழு உள்ள மண்ணிலும் சோதிப்பது நல்லது.

நோய் மிகுந்த எனது தறையையே சோதனைத் தறையாக்கலாமா?

ஏற்கெனவே நோய் இருக்கும் தறையில் இனங்களை வரிசையாக நட்டு, நாலைந்து வரிசைக்கு ஒரு வரிசை ஒப்பீட்டு இனத்தையும் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. ஆய்வுகூடத்திலிருந்து நோய்க்காரணியைக் கொண்டுவந்து தோட்ட மண்ணில் கலப்பது மட்டும் கூடவே கூடாது. எங்கள் இறைப்பு முறையில் ஒரே வாய்க்கால் பல பாத்திகளுக்கும், சில இடங்களில் பங்குக் கிணறு பல வீட்டாரின் தறைகளுக்கும் நீர் கொடுக்கிறது. நோய் நீரோடு போகும், மண்வெட்டியோடு போகும், காலோடும் போகும். பியூசேரியத்தின் தடித்த சுவர் வித்திகள் பயிர் இல்லாமலே மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். செயற்கைத் தொற்றுச் சோதனைகள் அனைத்தும் சாடிகளில், வடிநீரைச் சேர்த்து அழிக்கக்கூடிய இடத்தில் நடக்க வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் போன்ற இடங்களுக்குரிய வேலை அது.

கேரளத்தில் எதிர்ப்புள்ளது என்று வெளியிடப்பட்ட இனத்தை இங்கே நடலாமா?

கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உஜ்வலா, அனுக்கிரகா ஆகிய இரண்டும் பற்றீரியா வாடலுக்கு எதிர்ப்புள்ளவை. மலேசியாவிலிருந்து பெறப்பட்ட எல்.எஸ். 2341 என்பதும் அவ்வாறே. இவை சோதனையில் எதிர்ப்பு ஒப்பீடாக நிற்கத் தகுந்தவை. கேரளத்தின் மண் பெரும்பாலும் அமிலமானது. எங்கள் மண்ணுக்கு அடியில் கிடப்பது சுண்ணக்கல். அங்குள்ள பற்றீரியாக் கூட்டமும் இங்குள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே சோதித்த பின்னரே நட வேண்டும். வித்தைத் தாவரத் தொற்றுத்தடை விதிகளின்படி அனுமதி பெற்றே கொண்டுவர வேண்டும். பயணப்பையில் வித்தைக் கொண்டுவருவது, எதிர்ப்போடு புதிய நோயையும் கொண்டுவரும் வழி.

சுண்ணாம்பு இட்டால் வாடல் குறையும் என்கிறார்களே?

அமில மண்ணில் பியூசேரியம் வாடலைக் குறைக்க அது உதவும். வலிகாமத்தில் அதற்குத் தேவை அரிது. மண் ஏற்கெனவே நடுநிலையை ஒட்டியோ காரமாகவோ இருக்கிறது.

நோய்த் தறையில் தப்பி நின்ற கன்றின் வித்தைச் சேமிக்கலாமா?

சேமிக்கலாம், ஆனால் ஒரே போகத்தில் இனம் உருவாகிவிடாது. மிளகாயில் தன் மகரந்தச் சேர்க்கை நடந்தாலும், தேனீக்களால் அயல் மகரந்தம் கணிசமாகக் கலக்கிறது. பக்கத்து வரிசையில் நின்ற நோயாளி இனத்தின் மகரந்தமும் உங்கள் வித்துக்குள் இருக்கும். பூ விரியுமுன் மெல்லிய துணிப்பையால் கிளையை மூடிக் கட்டி, அந்தக் கிளையில் பிடித்த காய்களை மட்டும் வித்துக்கு எடுங்கள். ஒவ்வொரு கன்றின் வித்தையும் தனித்தனிப் பொதியில் வைத்து, அடுத்த முறை தனித்தனி வரிசையாக, ஒப்பீட்டு இனத்தோடு சேர்த்து நடுங்கள். எல்லாவற்றையும் ஒரே போத்தலில் கொட்டிவிட்டால் தப்பியதும் எதிர்த்ததும் மீண்டும் கலந்துவிடும். கலப்பினக் கன்றிலிருந்து வித்து எடுத்தால் அடுத்த தலைமுறை பல விதமாகப் பிரியும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். இலைச் சுருளலில் வீழ்ந்துவிடும் கன்றை, அது வாடலுக்கு நின்றாலும், நேரடிப் பயிராக வைத்திருப்பதில் பயனில்லை. அதனைக் கலப்புக்குரிய பெற்றோராகவோ, நல்ல இனத்தை மேலே ஒட்டுவதற்கான வேர்க்கட்டையாகவோ பயன்படுத்தலாம்.

சோதனை முடிந்ததும் சாடி மண்ணை என்ன செய்வது?

கன்றுகளை வேரோடு எரித்துவிடுங்கள். எருக் குழியில் போடாதீர்கள். ஆய்வுகூட மண்ணை அழுத்த நீராவியில், 121 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம் வைத்து எடுப்பது வழக்கம். அந்த வசதி இல்லாத இடத்தில், மண்ணை நனைத்து மெல்லிய படையாகச் சீமெந்துத் தரையில் பரப்பி, ஒளிபுகும் பொலித்தீனால் ஓரம் விடாமல் மூடி, சித்திரை, வைகாசி வெயிலில் நான்கு முதல் ஆறு கிழமைகள் விட்டு, அதன் பின்னும் தோட்டத்தில் கொட்டாமல் ஒதுக்குப்புறத்தில் புதைப்பதே பாதுகாப்பு. சாடிகளையும் தட்டுகளையும் குளோரின் கரைசலில் ஊறவைத்துக் கழுவிய பின் மட்டுமே அடுத்த நாற்றுக்குப் பயன்படுத்துங்கள்.